இருக்கைக்கு அடியில் ஒரு கேபிள் டை

மதியம் மூன்று மணிக்கு அந்த வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபோதே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. கார்களுக்கு வயரிங் பார்ப்பது என் தொழில். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் பயந்திருக்கிறேன். அது இந்த வீட்டு ஷெட்டில் நிற்கிறது.

இரண்டு கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வயது பதினெட்டு, ஓடியது ஆறாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. ஓடாத வண்டிதான் எங்களுக்குச் சோறு போடும். சும்மா நின்றே பேட்டரி இறங்கும், கனெக்டரில் பச்சைக் களிம்பு பூக்கும், வயரை எலி கடிக்கும். வீட்டுக்காரர் அதைத் துடைத்துத் துடைத்தே தேய்த்தார். ஓட்ட மட்டும் மனசு வரவில்லை. மாதம் ஒருமுறை தெருமுனைவரை போய் வருவார், அவ்வளவுதான்.

போன கோடையில், மனைவி தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த நாளில், அதற்குள்ளேயே இறந்துகிடந்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அவர் மனைவி, அந்த அம்மா, ஷெட்டைத் திறந்தார். தகரக் கூரையின் வெக்கையோடு, பூட்டிக் கிடந்த தோல் நாற்றம் முகத்தில் அடித்தது.

"இதை வித்துட்டு மக வீட்டோட போயிடலாம்னு பாக்குறேன் தம்பி. வாங்க வர்றவங்க அஞ்சு நிமிஷத்துல ஓடிடறாங்க."

"ஏம்மா?"

"உள்ள லைட்டு எரியுது. பூட்டு தானா விழுது. பேட்டரியைக் கழட்டி மூணு மாசம் ஆச்சு."

பேட்டரி ஒரு பலகைமேல் தூசி படிந்து கிடந்தது.

"உங்களைத் தவிர வேற யாரும் வண்டியைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டே இருப்பாரு. இருங்க, தண்ணி கொண்டு வரேன்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

உள்ளே உட்கார்ந்து, விளக்கு எரிகிறதா என்று பார்க்கக் கதவைச் சாத்தினேன்.

டக்.

பூட்டு விழுந்தது.

இந்தக் காரில் உள்ளிருந்து திறக்கப் பட்டன் மட்டும்தான். பேட்டரி செத்தால் பட்டனும் செத்துவிடும். அப்போது இழுப்பதற்கென்று இருக்கைக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும். அது கடகடவென்று ஆடுகிறது என்று, இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வீட்டுக்காரர் புலம்பினார். ஓட்டாத மனுஷனுக்கு எதற்கு இந்த அலட்டல் என்ற எரிச்சலில், கம்பியை மடக்கி, வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை போட்டு இறுக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் செருகினேன். அவரிடம் சொல்லவில்லை.

செத்த பேட்டரியோடு உள்ளே மாட்டிக்கொண்டு, அவர் அந்தக் கம்பியைத் தேடியிருப்பாரா? ஒரு வருடமாக எனக்குத் தூக்கம் இல்லை.

கையை அடியில் விட்டேன். கார்ப்பெட் கிழிந்திருந்தது. கேபிள் டை பாதிவரை ராவி அறுக்கப்பட்டிருந்தது. கார் சாவியால் ராவியிருக்கிறார்.

தேடியிருக்கிறார்.

தலைக்குமேல் விளக்கு எரிந்தது. பக்கத்து இருக்கையின் தோல் மெல்ல அமுங்கியது.

கரக்... கரக்...

என் விரல்களுக்கு நடுவே கேபிள் டை அதிர்ந்தது. யாரோ ராவிக்கொண்டிருந்தார்கள்.

கட்டிங் பிளையரால் அதை வெட்டிக் கம்பியை இழுத்தேன். கதவு திறந்தது. தரையில் போய் விழுந்தேன்.

அந்த அம்மா டம்ளரோடு நின்றிருந்தார். "என்ன கோளாறு தம்பி?"

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பழைய வண்டிம்மா, வயரிங் கெட்டுப்போச்சு. சரி பண்ணிட்டேன்."

வெட்டிய கேபிள் டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த அம்மா காரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்பக் கஷ்டப்படாமத்தான போயிருப்பாரு?"

"ஆமாம்மா. ஒரு நொடிதான்."

என் மேலேயே எனக்குக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. காரின் உள்விளக்கு அணைந்திருந்தது. தப்பித்தோம் என்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேனை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பினேன்.

டக்.

பூட்டு விழுந்தது. இரண்டு கதவிலும்.

என் வேன் ஓட்டைப் பழசு. அதில் தானாக விழும் பூட்டே கிடையாது.

சட்டைப் பைக்குள், நெஞ்சுக்கு மேலே, யாரோ ராவத் தொடங்கினார்கள்.