அண்ணி விழாத படிக்கட்டு

"பார்த்து இறங்கு. மறுபடியும் உருண்டு வைக்காதே" என்றார் கணவர், ஸ்கேன் பட உறையைக் கக்கத்தில் இடுக்கியபடி.

பதினெட்டு வருடங்களாக அவள் மாடிப்படியில் கால் வைக்கும்போதெல்லாம் கேட்கிற பேச்சுதான். இன்று காலை அது உறைக்கக்கூட இல்லை. இடது நெஞ்சில் நான்கு கட்டிகள். புற்றாக இருக்கலாம் என்கிறார்கள். திங்கட்கிழமை நெஞ்சைத் திறந்து பார்க்க நாள் குறித்தாயிற்று.

வாசலில் கொழுந்தன் காரோடு நின்றிருந்தான். பஸ் பணிமனையில் பிரேக் பார்க்கிறவன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்த பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மருத்துவர் படங்களை மாட்டிவிட்டுத் திரும்பினார். "படத்துல மண்ணீரலையே காணோம். வயித்துல பெரிய தழும்பு வேற. என்ன ஆச்சும்மா?"

"படியில சறுக்கிட்டேன் டாக்டர். தையல் போட்டாங்க."

"கண்ணை எங்க வெச்சு நடப்பாளோ" என்றார் கணவர். "இவளால என் தங்கச்சி கல்யாணமே ரெண்டு மாசம் தள்ளிப்போச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணி விழலை டாக்டர்." கொழுந்தன் ஒரு எட்டு முன்னால் வந்தான். "அன்னிக்கு அண்ணா வெளியூர் போயிருந்தாரு. பரீட்சைக்கு நேரமாச்சுன்னு அவர் புது மோட்டார் சைக்கிளைக் கேக்காம எடுத்தேன். தனியா அனுப்ப பயந்து அண்ணியும் பின்னாடி ஏறினாங்க. சுவத்துல மோதிட்டேன்..."

"தம்பி, போதும்."

"போதாது அண்ணி. என்னைத் துரத்திடுவாருன்னு, படியில விழுந்தேன்னு நீங்களே சொன்னீங்க. அவர் வர்றதுக்குள்ள நான் வண்டியை மட்டும் சரிபண்ணி நிறுத்தினேன்."

பர்ஸிலிருந்து மடிப்பு நைந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினான். மண்ணீரல் சிதறியதால் அகற்றப்பட்டது; உதரவிதானக் கிழிசல் தைக்கப்பட்டது.

மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை முதல்லயே சொல்லக்கூடாதாம்மா? சிதறின துணுக்குங்க, வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கிற தசையோட அந்தக் கிழிசல் வழியா நெஞ்சுக்குள்ள போய் ஒட்டி வளர்ந்திருக்கலாம். ஊகமா விடக்கூடாது, பார்த்துடலாம்."

அவளுடைய ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்தார்கள். சிவப்பணுக்களைச் சூட்டில் நலிய வைத்து, படத்தில் தெரியும்படி கதிரியக்கப் பொருளைச் சேர்த்து, திரும்ப ஏற்றினார்கள். நலிந்த அணுக்களைப் பிடித்து வைப்பது மண்ணீரலின் வேலை. நெஞ்சில் இருப்பது அதுவானால் அவை அங்கே போய்ச் சேரும். மாலையில் திரையில் நான்கு கட்டிகளும் ஒளிர்ந்தன.

"உங்க மண்ணீரல்தாம்மா. புத்து இல்லை. திறக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்."

வெளியே பெஞ்சில் கொழுந்தன் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். "அழாதடா. நீ வாயைத் திறந்ததாலதான் என் நெஞ்சைத் திறக்காம விட்டாங்க."

படிக்கட்டருகே கணவர் காத்திருந்தார். "பார்த்து..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா தம்பி இன்னிக்கு நம்ம வீட்ல இருந்திருப்பானா?"

அவர் ஒரு படி கீழே இறங்கி, கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"நான் எந்தப் படியிலயும் விழுந்ததில்லைங்க."

கையைப் பிடிக்காமல், தானாகவே இறங்கினாள். கடைசிப் படியில் நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.