இரண்டாம் நாள் படம்

கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் கேமரா எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. காலைச் சோதனையின்போது வெறும் கட்டிலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் விழுவது வழக்கம்; இன்று அவை ஒன்றுகூடி, திரையின் நடுவே லாடம் போல வளைந்து நின்றன. ஓர் இதயம். அதன் கீழ்ச்சுவர் மட்டும் கறுப்பு.

அது யாருடையது என்று ஏரியலுக்குத் தெரியும்.

இலோய்லோ நகரின் அந்த மருத்துவமனையில் இதயப் படம் எடுப்பது அவன் வேலை. கேமரா எண்ணும் கதிர்களை வீசும் தாலியம் ஊசி போட்டு நாலு மணி நேரத்தில் ஒரு படம், மறுநாள் ஊசி போட்ட அதே நேரத்தில் இன்னொன்று. ரத்தமில்லாமல் பட்டினி கிடந்த தசை மருந்தைத் தயங்கித் தயங்கித்தான் வாங்கும். மறுநாள் ஒளிர்ந்தால் உயிர் இருக்கிறது, அறுவை செய்யலாம். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாதம் முன்பு வந்த டெல்ஃபின் கிழவரை, அண்ணன் என்ற மரியாதையில், மனோங் என்றே கூப்பிடுவான். அவருடைய இரண்டாம் படத்தன்று ஏரியலின் ஊரில் திருவிழா. பன்றி வாட்டும் பொறுப்பு அவன் தலையில்.

"நாளைக்கு வர வேணாம் மனோங், இதுவே போதும்."

"அப்பாடா! போலீஸ்ல மாட்டுனவன் மாதிரி நாளைக்கும் இந்தக் கட்டில்ல கையைத் தூக்கிக்கிட்டுக் கெடக்கணுமோன்னு பயந்தேன் தம்பி" என்று கிழவர் சிரித்தார்.

முதல் படத்தையே நகலெடுத்து, மறுநாள் தேதி போட்டு, இரண்டாம் படமென்று அனுப்பினான். தசை செத்துவிட்டது என்று டாக்டர் எழுதினார். மூன்றே வாரத்தில் டெல்ஃபினும் போய்விட்டார்.

நேற்று நாற்பதாம் நாள். அவர் மனைவி பெலிங், தேங்காய்ப்பால் ஊற்றி வாழையிலையில் மடித்த சுமன் பலகாரம் கொண்டுவந்தாள்.

"அவரை அலையவிடாம அனுப்புனியே ராசா. சாகுற வரைக்கும் அதைத்தான் சொன்னாரு."

வாங்கிக்கொண்டான். வெட்கத்தில் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சுமன் பிரிக்காமல் மேஜையிலேயே கிடந்தது. தேங்காய்ப்பால் புளித்த வாசனை குளிர்ந்த அறை முழுக்கப் பரவியிருந்தது.

மணி பத்தரை. அன்று இரண்டாம் படத்துக்குக் குறித்திருந்த நேரம்.

மாடியில் டாக்டர் இருக்கிறார். இந்தப் படத்தோடு ஏறிப்போய்ச் சொல்லிவிடலாம். வேலை போகும். ஊர் காறித் துப்பும்.

அழித்தான்.

திரை இருண்டது. மறுபடி வந்தது. கறுப்பின் ஓரத்தில் ஒரு புள்ளி.

அழித்தான்.

இரண்டு. பத்து. நூறு. கீழ்ச்சுவர் மெல்ல நிறைந்தது. முழுதாக ஒளிர்ந்தது. உயிர் இருந்திருக்கிறது.

துடித்தது.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பினான். விரிப்பு ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது. தலையணைக்கு மேலே, நரைமுடி படர்ந்த இரண்டு கைகள் மட்டும், அவன் முன்பு சொல்லிக்கொடுத்தபடியே, அசையாமல் தூக்கியிருந்தன.