பூப்பாடைக்கு அடியில

நல்லா இருக்கீங்களா கண்ணுங்களா? முட்டிவலி, சளி எல்லாம் தேவலையா? இது கிரீஸ்ல, எங்க வோலோஸ் ஊர்ல, அந்தூலாங்கற பொண்ணுக்கு நடந்தது, பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

கூட்டத்துல தீப்பிடிச்சா சனம் எப்படி ஓடும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குறது அவ வேலை. திரையில குட்டிக் குட்டிப் பொம்மைங்க. ஒண்ணு பயந்தாங்கொள்ளி, ஒண்ணு முன்கோபி, ஒண்ணு பிள்ளையத் தேடித் திரும்பும். அன்னைக்கு அவங்க தெருக் கோயிலையே வச்சு ஓட்டினா. ஒரு பொம்மைக்கு அவ அம்மா கலிரோயியோட பிடிவாதத்த அப்படியே குடுத்திருந்தா.

தீய மூட்டினா. பொம்மைங்க வெளிய ஓடியாந்துச்சு. நின்னுச்சு. திரும்பி, ஒவ்வொண்ணா குனிஞ்சு, உள்ளயே போச்சு.

இவளுக்குத் திக்குனுச்சு. ஏசுவோட பூப்பாடை ஊர்வலம் முடிஞ்சு திரும்பினா அத வாசல்ல தூக்கிப் பிடிப்பாங்க, அடியில குனிஞ்சு உள்ள போறது எங்க வழக்கம். ஆனா பொம்மைங்களுக்கு இத யாரும் சொல்லித் தரல. திரையில பாடையே இல்ல.

பயத்தக் கூட்டினா. குனிஞ்சுதுங்க. பாசத்த அழிச்சா. குனிஞ்சுதுங்க. அம்மா பொம்மைதான் மொதல்ல கருகுச்சு. ஆபீஸ் பூரா மெழுகு வாசம்.

அம்மா இப்ப கோயில்லதான். போனப் போட்டா.

"அம்மா, அங்க நிக்காத! வீட்டுக்குப் போ!"

"ஏண்டி கத்துற? பாடை இப்பத்தான் வாசலுக்கு வருது. பின்னாடி ஒருத்தி என் புதுக் கோட்டுல மெழுக ஊத்திட்டா, கண்ணு தெரியாத கழுத!"

"சொன்னாக் கேளும்மா, கெஞ்சிக் கேக்குறேன்..."

"உன் பொம்மைங்களப் போய் அதட்டு, போ."

ஓடினா. தெரு நெடுக எலுமிச்சம்பூ வாசம், உருகுற மெழுகு, ஒவ்வொண்ணா விழுற சாவுமணி, எல்லாத்துக்கும் அடியில முடி பொசுங்குற நாத்தம். வாசல்ல நாலு ஆம்பளைங்க பாடையத் தூக்கிப் பிடிச்சிருக்காங்க. உள்ள செக்கச்செவேல்னு நெருப்பு. யாரும் கத்தல. வரிசையாக் குனியறாங்க. போறாங்க.

அம்மா கையப் பாஞ்சு பிடிச்சா.

"அம்மா, தீ! தெரியலயா?"

அம்மா திரும்பல. "மொதல்ல குனிடி. தலை இடிக்கும்."

இழுத்தா. அழுதுகிட்டே இழுத்தா. பின்னாடி தெரு காலி. ஓடலாம். கால் வரல.

அவ கழுத்து தானா மடங்குது.

உங்க ஊர்க் கூட்டத்துல யாராச்சும் இப்படித் தீயப் பாத்துக் குனிஞ்சதுண்டா? எழுதிப் போடுங்க கண்ணுங்களா.