சாதாரணம்னா புதன்கிழமை வா!

டிரிங்... டிரிங்...!

பக்கிரிசாமி கொட்டாவி விட்டபடியே டெலிபோனை எடுத்தான். மலாயா, 1943. டவுன் போலீஸ் ஸ்டேஷனில் பகல் டியூட்டிக்கு அவன் ஒருத்தன்தான். காலையில் தின்ற மரவள்ளிக்கிழங்கு இன்னும் நெஞ்சிலேயே நின்றது.

"அவசரமா... சாதாரணமா?"

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து இந்த ஒரே கேள்விதான். அவசரம் என்றால் பக்கத்து அறை ஜப்பான் ஆபீசருக்குச் சொல்ல வேண்டும், லாரி கிளம்பும். சாதாரணம் என்றால் புத்தகத்தில் பேரும் நேரமும் எழுதி, கைநாட்டு வாங்கி, புதன்கிழமை வரச் சொல்ல வேண்டும். எந்தப் புதன்கிழமையும் எதுவும் நடந்ததில்லை.

"கொலைய்யா, கொலை!" சிடாம் கிரி ஊர்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி சீனிவாசகம் அலறினார். "கங்காணி அப்பளசாமிய வெட்டிப் போட்டுட்டான், பால்வெட்டு முனியாண்டி! ஆள கட்டி வெச்சிருக்கேன். சீக்கிரம் லாரி அனுப்புலா!"

முனியாண்டியா...?

பக்கிரிசாமிக்குத் தூக்கம் போயே போய்விட்டது.

இன்று காலையில்தான் அவன் இதே மேஜைக்கு முன்னால் நின்று அழுதான். "அண்ணே, என் தம்பி அய்யாவு பேர கங்காணி சயாம் ரயில் வேலைக்கு எழுதிட்டாரு. போனவன் எவனும் திரும்பல. கல்யாணம் ஆயி ஒரு வாரந்தாண்ணே ஆவுது. நிறுத்துங்கண்ணே!"

பக்கிரிசாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாதாரணம். புதன்கிழமை வா."

சே! என்ன பிழைப்பு இது!

லாரி போனது. திரும்பியது. கைகள் கட்டப்பட்ட முனியாண்டி. பின்னால் கோட்டும் தொப்பியுமாய்க் கிராணி.

ஆபீசர் வாளை எடுத்து மேஜைமேல் வைத்தான். சாயந்திரத்துக்குள் முனியாண்டியின் தலை போய்விடும்.

"புக்குல் பெராப்பா?" எத்தனை மணிக்கு நடந்தது என்று மலாயில் அதட்டினான்.

"ஒன்பது, துவான்! சரியா ஒன்பது! என் கைக்கடிகாரத்துல பாத்தேன்!" கிராணி குனிந்து வணங்கினார்.

சுவரில் டோக்கியோ கடிகாரம் டிக் டிக் என்றது.

பக்கிரிசாமி எழுந்தான். உடம்பெல்லாம் அசதி. காலைப் புத்தகத்தை ஆபீசர் முன்னால் விரித்தான்.

"ஒன்பது மணிக்கு இவன் இங்க நின்னான், துவான். இதோ நேரம். இதோ இவன் கைநாட்டு. இங்கேருந்து எஸ்டேட்டுக்குச் சைக்கிள்ல ஒரு மணி நேரம்."

கிராணியின் முகம் வெளுத்தது. கோட்டுக் கையை இழுத்துக் கடிகாரத்தை மறைத்தார்!

"என்ன கிராணியாரே," என்றான் பக்கிரிசாமி, தமிழில், தணிந்த குரலில். "எந்த ஒன்பதுன்னு வெளக்கமா சொல்லுங்களேன். நான் தடுக்கலியே."

"அடப்பாவி...!"

"சொல்லுங்க!"

"துவான்... நான்... சரியா பாக்கல. வேற எவனோ..."

பளார்!

பொய்ச் சாட்சிக்கு அறை. ஆபீசருக்கு அலுத்துவிட்டது. முனியாண்டியை விடச் சொல்லிக் கையசைத்துவிட்டு, வாளை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான்.

வாசலில் பக்கிரிசாமி கயிற்றை அவிழ்த்தான். முனியாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே... நாந்தாண்ணே வெட்டுனேன்! பேர் எழுதுன தாளையும் அடுப்புல போட்டுட்டேன்!"

"தெரியும்லா."

"பின்ன ஒன்பது மணிக்கு...?"

"எங்க ஸ்டேஷன் கடிகாரத்துல ஒன்பதுக்கு நீ இங்கதான் இருந்தே. ஜப்பான்காரன் கடிகாரத்த ஒன்றரை மணி முன்னால தள்ளி டோக்கியோ நேரம் ஆக்கிட்டான். ஒங்க கிராணி இன்னும் பழைய நேரம்தான் வெச்சிருக்காரு. அவருக்கு ஒன்பதுன்னா எங்களுக்குப் பத்தரை. நீ சைக்கிள்ல போய் வெட்டத் தாராளமா நேரம்!"

"அத ஏன் அவரு சொல்லல?"

"பழைய நேரம் வெச்சிருந்தா டோக்கியோவுக்குத் துரோகம். கடிகாரத்தக் காட்டுனா அவரு தலை போவும்!"

முனியாண்டி உடைந்து அழுதான். "மனசு கேக்கலண்ணே. புடிச்சு உள்ள போடுங்க. நான் ஒத்துக்கறேன்..."

பக்கிரிசாமி கயிற்றைச் சுருட்டினான். காலையில் நிமிர்ந்து பார்த்திருந்தால் கங்காணிக்கும் இவனுக்கும் இந்தக் கதி வந்திருக்காது. அழுகையை ஒரு பெரிய கொட்டாவியாக விட்டான்.

"ஒத்துக்கறதா? அது சாதாரணம்லா... புதன்கிழமை வா!"