ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்

பேட்டரி தானாக ஏறாது. சும்மா கிடந்தால் இறங்கும், அதுவும் மாதக்கணக்கில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அதனால் நேற்றுக் காலையில் செல்லுக்கு 3.4 வோல்ட் காட்டிய பேட்டரி இன்று மதியம் 3.8 காட்டியபோது சாலமோன் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டான். கட்டைவிரல் அளவு மீட்டர் அது. பேட்டரியின் வெள்ளை முனையில் செருகினால் சிவப்பில் எண் எரியும்; அபாய அளவை நெருங்கினால் கீச்சிடும். பிடுங்கி, முனையைச் சட்டையில் துடைத்து, மறுபடி செருகினான். 3.8. மூன்று செல்லுக்கும் அதே எண்.

வீட்டில் சார்ஜரே கிடையாது. அது ஆகஸ்டில் எரிந்துபோனது, அவன் மனைவி சிநேகாவோடு.

பேட்டரியைத் திரும்ப வைக்கும்போது பிஸ்கட் டப்பாவின் அடியில் மண் இருந்தது. ஒரு சிட்டிகை. காய்ந்த டப்பாவுக்குள் ஈர மண், விரலில் ஒட்டிக்கொண்டு உதற உதற விழவில்லை. கோவளத்தில் மண் வராத வீடு ஏது, காற்று கொண்டுவந்திருக்கும் என்று நினைத்தான். மூடியை அழுத்தி மூடியது தான்தான் என்பதும் நினைவில் இருந்தது.

நான்கு மணிக்கு சிநேகாவின் தம்பி சாம் வருகிறான், முன்னறையில் இருந்ததால் தீயில் தப்பிய இந்த மாற்றுப் பேட்டரியையும் நண்டையும் எடுத்துப்போக. நண்டு அவள் செய்த ரோபோ. உள்ளங்கை அளவு உடம்பு, ஆறு கால், பக்கவாட்டில் நடக்கும். கேளம்பாக்கத்துப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டே பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லித்தந்தவள் அவள். பள்ளியில் ஓர் அறைக்கு அவள் பெயரை வைப்பதாகப் பேச்சு இருந்தது. நேற்று மதியம் தலைமையாசிரியை பிரதீபா போன் செய்து, கடைசியாக ஒருமுறை கேட்பதாகச் சொன்னார். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியது சிநேகாவேதானா? விதிமுறை எழுதித் தந்தவளே அதை மீறினாள் என்றால் பெற்றோர் ஒப்ப மாட்டார்கள், பெயரும் வைக்க முடியாது. சாலமோன் மூன்று மாதமாக எல்லோரிடமும் சொன்னதையே அவரிடமும் சொன்னான். ஆமாம் மேடம், அவதான் போட்டா.

அவன் இருந்த ஓரத்து அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மழை பிடித்தது. மூன்று மணிகூட ஆகவில்லை, அதற்குள் கடல் பக்கமிருந்து வந்த மேகம் ஜன்னலை அடைத்துவிட்டது. கொசுவலை ஆணியடித்த ஜன்னல். அதற்கு முன்னால் நெருக்கமான இரும்புக் கம்பி. புதுச் சுண்ணாம்பு வாடை, மழை வாடை, அடியில் கரி வாடை. சுவர் ஒரே பூச்சில் வெளுத்துவிட்டது. கதவின் உள்பக்கம்தான் வெளுக்கவில்லை. முழங்கால் உயரத்தில் ஓர் இடம், மூன்று முறை பெயின்ட் அடித்தும், ஈரநாளில் கருத்துக் கருத்து வந்தது. அந்தப் பக்கம் அவன் பார்ப்பதில்லை.

இரும்புப் பீரோ கதவின் உள்ளே அவள் எழுதிய தாள் இன்னும் ஒட்டியிருந்தது. பிள்ளைகளுக்கு எழுதிய அதே உருண்டை எழுத்து. சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மண்பானையில் காய்ந்த ஆற்று மணல் நிரப்பி அதன்மேல் வைக்க வேண்டும். கடல் மணல் கூடாது, உப்பு ஈரத்தை இழுத்து மின்சாரத்தைக் கடத்தும். செல்லுக்கு 4.2-ஐத் தாண்டக் கூடாது. உப்பினாலோ இனிப்பாக வாடை வந்தாலோ உடனே வெளியே கொண்டுபோக வேண்டும்.

முதல் விதிக்கு அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருந்தாள். பானைக்கு எதிரே போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்தியபடி, ஒரு மணி நேரம் அசைய மாட்டாள். அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி. இன்னா, அது ஓடிடுமா, என்று அவன் கிண்டல் செய்வான். ஓடாது, எரிஞ்சிடும் என்பாள், தலை நிமிராமல்.

போன் அடித்தது. சாம்.

கேளம்பாக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்பதாகச் சொன்னான். சாலமோன் பார்த்து வா என்றான். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்க மாட்டியே?"

"கேளு."

"ஆத்து மண்ணுக்கோசரம் அக்கா என்னிய ஊரப்பாக்கத்துல இருந்து பையில தூக்கினு வரச் சொல்லும். வூடு கட்ற எடத்துல நைசா அள்ளினு வருவேன். மணல் கொள்ளக்காரன்னு ஓட்டும். அக்கா போயி பீச் மண்ண போடுமா?"

"பீச் மண்ணுன்னு யாரு சொன்னா?"

"ஒடஞ்ச பானையில கிளிஞ்சல் கெடந்துச்சு மாமா. நான் பாத்தேன். மூணு மாசமா மனசுலயே வெச்சினு கீறேன்."

கூரையில் மழை இரைந்தது. சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். சொன்னால் சிநேகாவின் பெயர் திரும்பிவிடும்.

"தெரியல சாம். அவதான் போட்டா."

மேசையில் மீட்டர் ஒருமுறை கீச்சிட்டது.

4.0.

அதைச் செருகி வைத்த நினைவே அவனுக்கு இல்லை.

அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டு இந்த அறையில்தான் படுத்திருந்தாள். மறுநாள் போட்டி, நண்டின் இரண்டு பேட்டரியில் ஒன்று காலி. எழுந்ததும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று அவனே சார்ஜில் போட்டான். பழைய பானை விரிசல் விட்டிருந்ததால் புதுப்பானை வாங்கி, ஐந்து நிமிட நடையில் இருந்த கரையிலிருந்து மண் அள்ளி நிரப்பினான். மண் மண்தானே. பூனை உள்ளே போய் ஒயரை இழுக்கக் கூடாதென்று கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டான். டீ குடிக்கப் போனான். கடையில் பேச்சு இழுத்தது. இருபது நிமிஷம்.

திரும்பி வந்து தாழ்ப்பாளை நீக்கியது அவன். அதற்குப் பிறகுதான் கத்தினான். அதற்குப் பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது என்று சொன்னான். அடக்கம் முடிந்த மறுநாள் தாழ்ப்பாளைத் திருகி எடுத்து, ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து, அதைக் கடலில் வீசினான்.

தாழ்ப்பாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்தான்.

டப்பாவில் மண் இப்போது ஒரு கைப்பிடி இருந்தது. நடுவில் பேட்டரி. தட்டையாக இருந்த அது லேசாகக் குவிந்திருந்தது. தொட்டான். வெதுவெதுப்பு. காய்ச்சல்காரி நெற்றி மாதிரி. கையை எடுத்தான்.

நேற்றுப் பிரதீபாவிடம் சொன்னான். 3.8. இப்போது சாமிடம். 4.0.

அப்படி எதுவும் இருக்காது. பி.எஸ்சி. படித்தவன் அவன். இருக்காது என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. காலி அறையில், அன்று வாசலில் கிடந்து தப்பிய அவள் நாற்காலியைப் பார்த்து, மெதுவாகச் சொன்னான். அவதான் போட்டா.

சிவப்பு எண் அசைந்தது. 4.1.

உடனே மற்றதையும் சொன்னான். நான்தான் போட்டேன். நான்தான் சாத்தினேன். இரண்டு முறை. மூன்று முறை. எண் இறங்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததை அவளிடமே சொல்லி என்ன ஆகும்.

அப்போது வாடை வந்தது. இனிப்பு வாடை. பழம் அழுகத் தொடங்கும்போது வருவதும் நகப்பாலிஷ் மூடியைத் திறந்தால் வருவதும் சேர்ந்தது போல. அன்று தாழ்ப்பாளை நீக்கியபோது புகைக்கு முன்னால் முகத்தில் அடித்தது இதுதான்.

வெளியே பைக் நின்றது. வாசல் கதவு எப்போதும்போல் திறந்திருந்தது. சாம் முன்னறைக்குள் வந்து, மழையைத் திட்டிக்கொண்டே செருப்பை உதறுவது கேட்டது.

சாலமோன் டப்பாவைத் தூக்கினான். வெளியே கொண்டுபோக வேண்டும். போகிற வழியில் சாமிடம் சொல்லிவிட வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றே எட்டு.

இரண்டாவது எட்டில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காற்று.

பிறகு அந்தச் சத்தம். இரும்பு இரும்பில் உரசி, மெதுவாக நகர்ந்து, குழிக்குள் விழும் சத்தம்.

கடலில் கிடக்கும் தாழ்ப்பாள்.

இழுத்தான். வரவில்லை. தோளால் இடித்தான். வரவில்லை.

"மாமா? உள்ளயா கீற?"

"சாம், தாப்பாளத் தொற."

"எந்தத் தாப்பா? இங்க ஒண்ணுமே இல்லியே." கை தடவுகிற சத்தம். "சும்மா மக்கு அடச்ச ஓட்டதான் கீது. நீ உள்ள போட்டுகினியா?"

உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினான். கொசுவலையை நகத்தால் கிழித்தான். பேட்டரியை எடுத்தான். தோல் பொசுங்கியது. கம்பிக்கு நடுவே திணித்தான். நுழையவில்லை. தலையணை மாதிரி உப்பிவிட்டிருந்தது. கையிலிருந்து விழுந்தது, நேராக டப்பாவுக்குள், மண்ணின்மேல். டப்பா நிறைய மண். கிளிஞ்சல் மினுங்கியது.

4.2. மீட்டர் நிற்காமல் கீச்சிட்டது.

கதவுக்கு வந்தான். இரண்டு கையாலும் தட்டினான். கூரைமேல் மழை கல்லாக இறங்கியது.

"சாம்! நான்தான் போட்டேன். பீச் மண்ணு நான்தான் அள்ளினேன். அவ தூங்கினு இருந்தா. நான்தான் சாத்தினேன்!"

"இன்னா மாமா?"

"நான்தான் சாத்தினேன்!"

"மழ சத்தத்துல ஒண்ணும் கேக்கல மாமா. பாட்டு கீட்டு வெச்சினு கீறியா? இரு, பக்கத்து வூட்ல கடப்பாற கேட்டு வாங்கினு வரேன்."

காலடிகள் விலகின. செருப்பை மாட்டும் சத்தம். பிறகு மழை மட்டும்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சீறல். வெள்ளைப் புகை மேலே போனது. கூரையில் முட்டியது. பரவி இறங்கியது. இருமினான். கண் எரிந்தது. புகைக்குக் கீழே காற்று இருக்கும். மண்டியிட்டான். தட்டினான். கைகள் முழங்கால் உயரத்தில் விழுந்தன.

அங்கே பெயின்ட் உப்பியிருந்தது. வெதுவெதுப்பாக. விரித்த இரண்டு சின்ன உள்ளங்கைகளாக, பத்து விரல்களோடு. அவன் கைகள் சரியாக அவற்றின்மேல் இருந்தன. எடுக்கப் பார்த்தான். விரல்கள் மடங்கி அவன் விரல்களுக்குள் கோத்துக்கொண்டன.

மீட்டர் நின்றது.

பின்னால், டப்பாவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபட்டது. கிரீச்சிட்டது. ஒரு மணி நேரம் இருக்கப்போகிறவர் உட்காருவதுபோல், யாரோ அதில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.