மூஸ்புறூக்கைப் பாடமாக்கியவன்

சோற்றில் உப்புக் குறைவு. அதைச் சொல்லத்தான் தில்லைநாதன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை.

"அந்த... வெள்ளை..." விரல்களைத் தேய்த்துக் காட்டினான். பிறகு, "ஸால்ட்ஸ்," என்றான்.

மனைவி கஜலக்சுமி உப்புப் போத்தலைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். "பாஸ்போர்ட் வர முன்னமே சுவிஸ்காரன் ஆகிட்டியளோ?"

அவனும் சிரித்தான். ஆனால் சாப்பிட்டு முடியும்வரை அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தான். புளி இருந்தது, மிளகாய் இருந்தது, கடல் இருந்தது. நடுவில் மட்டும் பல் பிடுங்கிய இடம்போல ஒரு வழுவழுப்பான பள்ளம். நாக்கு போய்ப் போய் அந்தப் பள்ளத்தையே தடவியது. அவள் இரண்டு தடவை அந்தச் சொல்லைச் சொன்னாள். ஏதோ ஒரு சத்தமாகக் காதில் விழுந்து போனது.

அன்று மத்தியானம்தான் அவன் ஒரு பழைய கொப்பியின் முதல் பக்கத்தைப் பாடமாக்கியிருந்தான்.

குடியுரிமை நேர்முகத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. இது மூன்றாவது தடவை. இந்த நாட்டில் பாஸ்போர்ட் கேட்பவனை முதலில் ஊர்தான் பரிசோதிக்கும். மூஸ்புறூக்கில் மூன்று பேர் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து, ஊரின் ஓடைகள் எவை, எந்த மேடு எந்தத் திசையில், எந்த வருசம் ஊர் எரிந்தது, ஊர்ச்சனங்களின் குணம் என்ன என்றெல்லாம் கேட்பார்கள். முதல் தடவை ஓடைகளில் தவறினான். இரண்டாம் தடவை கேள்வியே விளங்கவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையும் பங்குனியோடு சரி; இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது. வேலை போனால் அவனுடைய வதிவிட அனுமதியை மீளப் பார்ப்போம் என்று வெளிநாட்டவர் அலுவலகத்துப் பெண் மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தாள். வயது ஐம்பத்தொன்பது. முப்பத்தொரு வருசம் மரமும் பீங்கானும் தூக்கிய உடம்பு. திருப்பி அனுப்பினால் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. கஜலக்சுமியின் அனுமதியும் அவனுடையதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த ஜெர்மன் இருபது சொல், எல்லாம் துப்புரவு வேலைச் சொற்கள்.

ஊர்ச்சபை தந்த கையேடு இரண்டாம் வரியிலேயே கண்ணை மூடவைத்தது. அதனால்தான் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியில் இருந்து, ஒருகாலத்தில் கூட இருந்த அருட்செல்வனின் கொப்பியை எடுத்தான்.

நீல மட்டை. நாற்பது பக்கம். மூஸ்புறூக் முழுவதும் தமிழில், சின்னச் சின்ன எழுத்தில். சதுப்பில் மரத்தூண் நட்டுப் பாலம் போட்டதால் வந்த பெயர். மூன்று ஓடைகள். 1743இல் சுழற்காற்றன்று பேக்கரிக்காரன் அடுப்பு மூட்டியதால் ஊர் எரிந்து ஒன்பது வீடு மிஞ்சியது. பெரிய மணியில் வெடிப்பு உண்டு, அதனால் அரைச் சுரம் இறங்கி ஒலிக்கும். மேல்தெருக்காரர் கீழ்த்தெருக்காரரோடு ஒரே மேசையில் பியர் குடிக்கமாட்டார்கள். கடைசியாக, ஊர்க் குணம்: முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். எழுதிக் கொடுப்பார்கள்.

அந்தக் குணத்தை முதலில் பழகியவன் தில்லைநாதன்.

அந்தக் காலத்தில் அவனும் அருட்செல்வனும் மர ஆலையில் வேலை செய்தார்கள். ஆலைக்கு மேலே ஒரே அறையில் படுத்தார்கள். அருட்செல்வன் மரமேற்றும் கிழவர்களிடமிருந்து ஊர்ப்பேச்சை, மூஸ்புறூக்கின் பழைய ஜெர்மனை, அப்படியே பிடித்துக்கொண்டான். டொக்டரிடமும் தபாற்கந்தோரிலும் தில்லைநாதனுக்காக அவன்தான் கதைத்தான். ஊர் அருட்செல்வனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. தில்லைநாதனை 'மற்றவன்' என்றது. நாலு வருசம் மற்றவன். அருட்செல்வன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, கூட இருப்பவரின் அபிப்பிராயம் கேட்டு ஊர்ச்சபை கடிதம் போட்டது. தில்லைநாதன் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று பின்னேரம் குந்தியிருந்து இரண்டு வரி எழுதினான். இவருக்கு இந்த ஊரில் ஒட்டுதல் இல்லை. பாஸ்போர்ட் கிடைத்ததும் போய்விடுவேன் என்கிறார். இரண்டும் பொய்.

மறுப்புக் கடிதத்தில் அந்த இரண்டு வரியும் இருந்தன. அருட்செல்வன் வாசித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். தை மாதம் ஆலைக்குப் பின்னால் மரம் ஊறப்போடும் குளத்தில் இறங்கினான். பனிக்கட்டி உருகியபிறகுதான் உடலை எடுத்தார்கள். வாயிலும் மூக்கிலும் மரத்தூள் அடைந்திருந்தது. கால்மாட்டைத் தூக்கியவர்களில் தில்லைநாதனும் ஒருவன்.

கொப்பியை எறிய மனம் வரவில்லை என்று அவன் தனக்குச் சொல்லிக்கொள்வான். எறியப் பயம் என்பதுதான் சரி.

ஆறாம் நாள் வெங்காயம் போனது. ஏழாம் நாள் திறப்பு. கதவடியில் நின்று பூட்டைத் திறப்பதுபோலக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். கஜலக்சுமி விளையாட்டென்று நினைத்தாள். ஒன்பதாம் நாள் தெற்குப் பக்கத்து வயல்களின் பழைய பெயர்கள் பதினான்கையும் ஒரே மூச்சில் பாடமாக்கி எழுந்தபோது, அம்மாவின் பெயர் இல்லை. முகம் இருந்தது, வெற்றிலைக் கறை இருந்தது, அடித்த கை இருந்தது. பெயர் இருந்த இடத்தில் ஈரமான மரத்தூள் வாசம். வெட்டி நாலு நாள் மழையில் கிடந்த தேவதாரு மரத்தின் புளித்த வாசம். ஆலை இடித்து அங்கே அடுக்குமாடி எழும்பிப் பத்து வருசம்.

இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திறக்கும்போதெல்லாம் நீராவியோடு அதே வாசம் எழுந்து முகத்தில் அப்பியது. வெளியே கார்த்திகை மூடுபனி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போடவைத்தது. தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த தொண்ணூறு வயதுப் பெண்மணியிடம் அவன் காலநிலை பற்றி ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியாது, வாய் சொன்னது. அவள் தட்டை விடாமல் நின்றாள்.

"நீ என்ரை அப்பாவைப்போலக் கதைக்கிறாய்," என்றாள். "அவர் செத்து அறுபது வருசம்."

அவள் முகத்தில் சந்தோசம் இல்லை.

அன்று பின்னேரம் மேசையில் கொப்பியை வைத்துக்கொண்டு தில்லைநாதன் யோசித்தான். முட்டாள் அல்ல அவன். ஒரு பக்கம் உள்ளே போனால் ஒரு பிடி வெளியே போகிறது என்பது விளங்கிவிட்டது. எவன் எடுக்கிறான் என்பதும் விளங்கியது. இன்னும் பதினொரு பக்கம். மூடி வைக்கலாம். மூடி வைத்தால் மூன்றாம் தடவையும் தவறுவான். பங்குனியில் வேலை போகும். பிறகு அந்த மரியாதையான பெண். அம்மாவின் பெயரை எந்த அலுவலகம் இனிக் கேட்கப்போகிறது? எடுக்கிறவன் எடுக்கட்டும். குடியுரிமைக் கடிதம் வந்தபிறகு கொப்பியை எரித்துவிடலாம்.

பக்கத்தைப் புரட்டினான்.

"உங்களுக்கு என்னப்பா செய்யுது?" கஜலக்சுமி வேலைச் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் எதிரில் வந்து இருந்தாள். "ராவில கதைக்கிறியள்."

"கனவா இருக்கும்."

"அது உங்கட குரலில்லை."

"வேறை ஆற்ரை குரல்?"

"தெரியேல்லை. வாய்க்குள்ள தண்ணி வைச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரி." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்கு ஒருக்காப் போயிட்டு வருவம். நாளைக்கே. ஒரு றெயின்தானே."

அவள் சொன்னதில் பாதிதான் அவனுக்குப் பிடிபட்டது. மற்றப் பாதி அடுத்த அறையில் யாரோ கதைப்பதுபோல இருந்தது. "சோதனை முடியட்டும்," என்று சொல்ல நினைத்தான். வாயிலிருந்து வந்தது மூஸ்புறூக் ஊர்ப்பேச்சு.

"தமிழில சொல்லுங்கோ," என்றாள் அவள்.

அவன் கொப்பியைப் பார்த்தான்.

நேர்முகத்துக்கு முதல்நாள் கடைசிப் பக்கம் வந்தது. எழுத்துகள் சுருண்டு கிடந்தன. வட்டம், கொக்கி, கோடு. எறும்பு ஊர்ந்த ஈரத் தடம். எல்லாப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தின் நடுவில் ஒரேயொரு சொல், மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தி, தாள் கிழியும்படி எழுதியது, இன்னும் அவனுக்கு வாசிக்கத் தெரிந்தது.

தில்லைநாதன்.

பார்த்துக்கொண்டிருக்கவே அதுவும் வட்டமும் கொக்கியுமாய்ப் போனது.

மறுநாள் நாலு மணி. ஊர்ச்சபை மண்டபம், மரப்பலகை அடித்த சுவர், மெழுகு மணம், மேசையில் மூன்று பேர். தலைவி நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். வலப்பக்கத்தில் ஓர் இளைஞன், இடப்பக்கத்தில் ஷேரர் என்ற கிழவர், முன்னாள் ஓடக்காரர். கேட்டார்கள். தில்லைநாதன் வாயைத் திறக்கவில்லை; வாய் திறந்தது. ஓடைகளைச் சொன்னது. எரிந்த வருசத்தையும் ஆற்றுத் திருப்பத்தின் பெயரையும் சொன்னது. மிஞ்சிய ஒன்பது வீட்டிலும் அன்று யார் யார் இருந்தார்கள் என்று சொன்னது. இளைஞன் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். உடம்புக்குள் குளிர் ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படி, நெஞ்சு, கழுத்து, நாக்கின் அடி.

ஷேரர் முன்னால் சாய்ந்தார். "ஆற்றுத் திருப்பத்துக்கு நீங்கள் சொன்ன பெயர் எங்கள் ஓடக்காரருக்குள் மட்டும் இருந்த பெயர். வெளியாள் ஒருவனுக்குத்தான் அதைச் சொன்னேன். மர ஆலையில் வேலை செய்தான். செத்துப்போனான்."

வாய் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"மறக்கவில்லையே, ஹான்ஸ்," என்றது.

தன் முதற்பெயரைக் கேட்ட கிழவரின் கை மேசைக்குக் கீழே போனது.

தலைவி ஒன்றையும் கவனிக்கவில்லை. மகிழ்ச்சியில் கன்னம் சிவந்திருந்தது. "கடைசிக் கேள்வி. இந்த ஊரில் உங்களுக்கு எதில் அதிக ஒட்டுதல்?"

"குளத்தில்," என்றது வாய். "அடியில்."

"எவ்வளவு அழகான பதில்," என்றாள். ஏகமனதாகப் பரிந்துரைப்போம் என்றாள். எழுந்து கை கொடுத்தாள். கையை இழுத்துக்கொண்டு, பாவாடையில் துடைத்தாள். துணியில் ஈரம் கறுப்பாகப் படிந்தது.

வெளியே மூடுபனி. மணி ஐந்து அடித்தது, அரைச் சுரம் இறங்கி. கிடைத்துவிட்டது என்று நினைத்தான். சந்தோசப்படப் பார்த்தான். தெருவின் ஒவ்வொரு கல்லும் தெரிந்திருந்தது. எந்தக் கதவு எந்த விதவையுடையது, எந்தச் சுவரில் வெள்ளக்கோடு. தான் பிறந்தது எங்கே என்று தேடினான். வெறும் மூடுபனி. எங்கோ பிறந்திருக்க வேண்டும். எல்லாரும் எங்கோ பிறக்கிறார்கள்.

காலடி கேட்டது.

அவனுடையது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு அடியிலும் சப்பாத்துக்குள் தண்ணீர் நசியும் சத்தம்.

நின்றான். நின்றது.

நடந்தான்.

திரும்பவில்லை. வீட்டுக் கதவில் இருந்த பெயரை ஓர் அந்நியனின் பெயர்போல எழுத்துக் கூட்டினான். கை தானாக மணியை அழுத்தியது.

கதவைத் திறந்தவள் ஒரு கறுத்த பெண், ஐம்பதுக்கு மேல். நெற்றியில் திருநீறு. கண் நிறைய எதிர்பார்ப்பு. ஏதோ கேட்டாள். சத்தம் வந்தது; உருண்டு, நெளிந்து, ஏறி இறங்கி ஒரு நீண்ட சத்தம். அதற்குள் ஒரு சொல்லும் இல்லை.

"கிடைத்துவிட்டது," என்று அவன் ஊர்ப்பேச்சில் சொன்னான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். உலுக்கினாள். திரும்பக் கேட்டாள். அவளை எங்கோ கண்டிருக்கிறான். இந்தக் கையை. எங்கே?

பிறகு அவள் பார்வை அவன் முகத்தை விட்டு விலகியது.

தோளுக்கு மேலே போனது.

நின்றது.

கை சட்டையை விட்டது. பின்னால் போனாள். சுவரில் முதுகு முட்டியது. ஒரு விரல் நீண்டது, அவனுக்கு அப்பால். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். குட்டையான சத்தம். மூச்சு அறுந்து. மீண்டும். மீண்டும்.

கழுத்தின் பின்னால் குளிர். மரத்தூள் வாசம்.

"என்ன சொல்கிறாள்?" அவன் கேட்டான். யாரைக் கேட்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. "எனக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறாள்?"

திரும்பினான்.

"திரும்பவேண்டாம் என்று சொல்கிறாள்," என்றது அது, அழகான மூஸ்புறூக் பேச்சில்.

வாய் நிறைய மரத்தூள் அடைந்திருந்தது. உதடு அசையவில்லை. வெளிறி ஊதிய முகத்திலிருந்து தண்ணீர் நிலத்தில் சொட்டிக்கொண்டிருக்க, அந்தப் பெண் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று அது தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தது, நல்ல மொழிபெயர்ப்பாளன் காத்திருப்பதுபோல.