வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

வாடகைக்கு விடுவதற்காக முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். மழை பெய்யும்போது போய்ப் பார், ஒழுகுகிறதா தெரியும். குழாய்களைத் திறந்துவிட்டுக் காத்திரு. சுவரைத் தட்டிப் பார். எனக்கும் சொன்னார்கள். நானும் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். கதவுகளின் வெளிப்பக்கத்தைப் பார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். பாருங்கள்.

அந்த வீட்டுக்குள் முதன்முதலாகப் போனபோது நல்ல வெயில். கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, அதைத் தாண்டிப் பின்னால் ஒரு சின்ன அறை. அதற்கு ஜன்னல் இல்லை, கூரைக்குக் கீழே கையகலத்தில் ஒரு காற்றுத் துவாரம் மட்டும். வெயில் காலத்திலும் தரை சில்லென்று இருந்தது. புரோக்கர் வாசலிலேயே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார், உள்ளே வரவே இல்லை. பாவம், ஓய்வில்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு கைக்கு வந்ததும் தச்சரை அழைத்து வந்தேன். பின்னறைக் கதவின் முன் அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

“தாழ்ப்பாள் ஏம்மா வெளியில இருக்கு?”

“யாரோ அரைகுறை மாட்டிட்டுப் போயிருப்பான்.”

“அரைகுறை இல்லம்மா. ஸ்க்ரூ நீளத்தைப் பாருங்க. உள்ளேருந்து யார் தள்ளினாலும் பிடுங்கிட்டு வரக்கூடாதுன்னு மாட்டியிருக்கான்.”

“சரி சரி, வேலையைப் பாருங்க. குடிவர்றவங்களுக்கு உள்பக்கம்தானே வேணும்?”

அவர் பழையதைக் கழற்றினார். உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் மாட்டினார். வெளியில் இருந்த நாலு துளையையும் பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்தார். எதையும் தூக்கி எறியாத புத்தி எனக்கு. அந்தப் பழைய இரும்பையும் நாலு நீள ஸ்க்ரூவையும் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பெயின்ட் காய்ந்ததா என்று பார்க்க மறுநாள் தனியாகப் போனேன். பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் வாடை அடித்தது. பெயின்ட் வாடை இல்லை. பல நாள் வியர்வையில் ஊறிய போர்வையும் மருந்தும் கலந்த வாடை. அது பின்னறைப் பக்கமிருந்து வந்தது.

கதவைத் தள்ளினேன்.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தச்சர்தான் ஏதோ கோளாறு பண்ணியிருக்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டு தடவை தட்டினேன். மூன்றாவது தடவைக்குக் கையை ஓங்கும்போது, உள்ளே தாழ்ப்பாள் மெல்ல நகரும் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாமல், திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இழுக்கிற மாதிரி.

கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை.

தெருவுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. புரோக்கருக்குப் போன் போட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பழைய சொந்தக்காரருக்கு ஒரு மகள், மனநிலை சரியில்லாதவள். அந்த அறையில்தான் வைத்திருந்தார்கள். பதினோரு வருஷம். அங்கேயே முடிந்துபோனாள்.

“இதை ஏங்க முதல்லயே சொல்லல?”

“தண்ணி வருமான்னு கேட்டீங்க, கரண்டு கேட்டீங்க. இதைக் கேக்கலையேம்மா.”

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அதே வாரம் நானும் அவரைப் போலவே நடந்துகொண்டேன்.

குடிவந்தவள் ஒரு நர்ஸ். புருஷன் இல்லை. ஆறு வயதுப் பெண்குழந்தை, செல்லப்பெயர் வாலு. பெயருக்குப் பழுதில்லாமல் வந்த பத்தாவது நிமிஷம் குழாயைத் திறந்து தன்னையும் என்னையும் நனைத்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் போய்விடுவார்கள், வீட்டுக்குக் கெட்ட பெயர் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். சாவியைக் கொடுக்கும்போது இவ்வளவுதான் சொன்னேன்.

“பின்னறைத் தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தட்டினா திறந்துக்கும்.”

“அதனால என்ன ஓனரம்மா, சமாளிச்சுக்கலாம்” என்று சிரித்தாள்.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம் போன் வந்தது. நர்ஸுக்கு மூச்சு வாங்கியது.

“வாலு உள்ள இருக்கா. தட்டினா திறக்கல. வந்துடுங்க.”

ஓடினேன். கதவில் நெற்றியை வைத்து அவள் அழுதுகொண்டிருந்தாள். உள்ளே குழந்தையின் பேச்சு கேட்டது. கொஞ்சம் பேசுவாள், நிறுத்துவாள், சிரிப்பாள். பதில் சொல்கிற குரல் எங்களுக்குக் கேட்கவில்லை.

நர்ஸ் கிசுகிசுத்தாள். “அந்தத் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாதுங்க. ஸ்டூல்கூட உள்ள இல்ல.”

நான் தட்டினேன்.

உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

கதவின் உயரத்தில் பாதிக்கும் மேலே. என் முகத்துக்கு நேராக.

“வாலுக்கண்ணு, திற” என்றேன்.

“அக்கா திறக்கமாட்டாங்களாம். திறந்தா நீங்க வெளிய தாழ்ப்பாள் போட்டுடுவீங்களாம்.”

நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. கதவோடு வாயை வைத்துச் சொன்னேன். “போடமாட்டேன். சத்தியமா போடமாட்டேன். குழந்தையை விட்டுடும்மா.”

நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

வாலு சாவகாசமாக வெளியே வந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. காலையில் தலைக்குக் குளிப்பாட்டி ஈரம் காயட்டும் என்று விரித்துவிட்டிருந்த முடி, இப்போது இறுக்கமான இரட்டைப் பின்னல். நுனியில் பழுப்பேறிய போர்வைத் துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தது.

அன்றே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வண்டியில் ஏறும் முன் நர்ஸ் சாவியை என் கையில் வைத்து, “உங்களுக்கு முன்னமே தெரியும், இல்ல?” என்று மட்டும் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அடுத்து வருகிறவர்களுக்கும் குழந்தை இருக்கும், அதற்கு ஒன்று ஆகிவிட்டால் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பின்னறையை மூடியே வைத்துவிட்டு, சாமான் அறை என்று சொல்லிவிடலாம். தச்சரைக் கூப்பிட்டேன். “அந்த வேலை மட்டும் எனக்கு வேண்டாம்மா” என்று போனை வைத்துவிட்டார். நானே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். பட்டியைச் சுரண்டினால் அதே நாலு துளை. கைப்பையில் அதே இரும்பு. நாலு ஸ்க்ரூவையும் ஏற்றி, வெளியில் தாழ்ப்பாளைப் போட்டேன்.

உள்ளிருந்து ஒரு தட்டல்.

கோபமாக இல்லை. நான் மறந்துபோய்ப் பூட்டிவிட்டேன் என்று நினைத்துக் கூப்பிடுகிற மாதிரி.

நான் காதைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை என் வீட்டில், படுக்கையறைக்கு வெளியிலிருந்து என் கணவர் கூப்பிட்டார். “கதவுல எதுக்குத் துளை போட்ட?”

வெளிப்பக்கம், நாலு துளை. கீழே தரையில் கொஞ்சம் புது மரத்தூள்.

அந்த வீட்டுக்கு ஓடினேன். பின்னறைக் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியில் நான் மாட்டிய தாழ்ப்பாள் இல்லை. தட்டினேன், மன்னித்துவிடு என்று கெஞ்சினேன். அறையில் வாடைகூட இல்லை. அங்கே கேட்பதற்கு யாரும் இல்லை.

துளைகளைப் பட்டி வைத்து அடைத்தேன், விடிந்ததும் திரும்ப இருந்தன. அடுத்த அறைக்கு மாறிப் படுத்தேன். துளைகள் அந்தக் கதவுக்கு வந்தன. என் கணவர் என்னை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று மெல்லிய குரலில் யாரிடமோ போனில் சொல்வதைக் கேட்டேன். அவர் பேச்சில் அன்புதான் இருந்தது. அந்தப் பின்னறையில் இருந்தவளைப் பற்றியும் முதலில் இப்படித்தான் பேசியிருப்பார்கள்.

இன்று காலை ஒரு ஸ்க்ரூ ஏறியிருக்கிறது. நீளமான ஸ்க்ரூ.

இன்னும் மூன்று துளை பாக்கி.